அடுப்பில் பொரிக்கும் பாப்கார்ன்: எது சொதப்பினால் எதைப் பார்க்க வேண்டும்

மைக்ரோவேவ் இல்லாமல் பாப்கார்ன் பொரிக்க அடி கனமான ஒரு பாத்திரம், அதற்கு ஒரு மூடி, கொஞ்சம் எண்ணெய், பாப்கார்ன் சோள மணி, இவ்வளவு போதும். செய்முறையும் நாலு வரிதான். ஆனால் செய்து பார்த்தவர்களைக் கேட்டால் ஆளுக்கொரு குறை சொல்வார்கள்: பாதி மணி பொரியவில்லை, அடி கருகிவிட்டது, கடித்தால் ரப்பராக இழுக்கிறது, போட்ட உப்பெல்லாம் கிண்ணத்தின் அடியில் கிடக்கிறது.

குறைகள் பலவிதம் என்றாலும் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் போய் நிற்கும்: தண்ணீர். பொரியும் நொடி வரைக்கும் தண்ணீர் மணிக்குள்ளேயே இருக்க வேண்டும். பொரிந்த பிறகு பாத்திரத்தை விட்டே வெளியேறிவிட வேண்டும். முதல் பாதி தவறினால் பொரியாது, இரண்டாம் பாதி தவறினால் நமுத்துவிடும். தீயைக் கூட்டுவதும் குறைப்பதும் மூடியைத் திறந்து வைப்பதும் இந்த இரண்டுக்காகத்தான்.

முதலில், சரியாக நடந்தால் என்ன நடக்கும்

நல்ல பாப்கார்ன் மணியின் எடையில் ஏறக்குறைய 14 சதவீதம் ஈரம். வெளித்தோல் கெட்டியானது, ஆவியை லேசில் வெளியே விடாது. ஒவ்வொரு மணியும் ஒரு குட்டி பிரஷர் குக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சூடு ஏற ஏற உள்ளே இருக்கும் மாவுச்சத்து இளகிக் கூழாகிறது. அழுத்தம் வெளிக்காற்றைவிட ஒன்பது மடங்கு வரை ஏறுகிறது. 180 டிகிரி செல்சியஸை ஒட்டித் தோல் தாங்க முடியாமல் கிழிகிறது. கூழ் நுரைத்துப் பொங்கி, வெளியே வந்த கையோடு ஆறி இறுகிவிடுகிறது.

இந்த 180 சும்மா குத்துமதிப்பாகச் சொல்வது இல்லை. பிரான்ஸில் எமானுவேல் விரோ, அலெக்சாந்தர் பொனொமரென்கோ என்ற இருவர் 2015-இல் வெளியிட்ட ஆய்வில் மணிகளை ஓவனில் வைத்துச் சூட்டைப் பத்துப் பத்து டிகிரியாக ஏற்றிப் பார்த்தார்கள். 170 டிகிரியில் மூன்றில் ஒரு பங்குதான் பொரிந்தது. 180-க்கு ஏற்றியதும் 96 சதவீதம் பொரிந்துவிட்டது. நடுவே இருப்பது பத்தே டிகிரி. ஆகவே சூடு கொஞ்சம் குறைந்தால் கொஞ்சம் மெதுவாகப் பொரியும், அவ்வளவுதானே என்கிற கணக்கு இங்கே எடுபடாது.

அளவு இப்படி வைத்துக்கொள்ளலாம்: கால் கப் மணி, அதாவது சுமார் 50 கிராம், ஒன்றரை டேபிள்ஸ்பூன் எண்ணெய், 3 லிட்டர் பாத்திரம். எண்ணெயில் மூன்று மணி மட்டும் போட்டு மூடி, மிதமான தீயில் வையுங்கள். மூன்றும் பொரிந்ததும் அவற்றை எடுத்துவிட்டு மிச்ச மணியைக் கொட்டுங்கள். பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கி அரை நிமிடம் அப்படியே வையுங்கள். அப்புறம் மறுபடி தீயில் ஏற்றி, மூடியை ஒரு நூல் விலக்கி வைத்து, அவ்வப்போது குலுக்குங்கள். ஒரு வெடிப்புக்கும் அடுத்ததற்கும் இரண்டு மூன்று நொடி இடைவெளி வந்ததும் இறக்கி, உடனே அகலமான பாத்திரத்தில் கொட்டிவிடுங்கள்.

அந்த அரை நிமிடம் எதற்கு என்று பலர் அதைத் தாண்டிவிடுவார்கள். எல்லா மணியும் ஒரே சூட்டுக்கு வந்து சேரத்தான் அது. அப்படிச் சேர்ந்துவிட்டால் தீயில் ஏற்றியதும் ஒரே மூச்சில் படபடவென்று பொரிந்து முடியும். முன்னால் பொரிந்தது பின்னால் பொரிவதற்காகச் சூட்டில் காத்துக் கிடந்து கருக வேண்டியதில்லை.

அடியில் பொரியாத மணி நிறைய மிஞ்சுகிறது

கை விரல்களால் எண்ணிவிடக்கூடிய அளவுக்கு மிஞ்சினால் அது குறையே இல்லை. கால் பங்கு, அரைப் பங்கு மிஞ்சினால்தான் பார்க்க வேண்டும். அடுத்த முறை தீயை மாற்றுவதா, பாத்திரத்தை மாற்றுவதா என்று ஊகிப்பதற்கு முன்னால் மிஞ்சிய மணிகளை ஒரு வெள்ளைத் தட்டில் கொட்டிப் பாருங்கள். அவையே சொல்லிவிடும்.

போட்டபோது இருந்த அதே நிறத்தில், அதே பளபளப்பில் இருந்தால் சூடு போய்ச் சேரவில்லை. தீ குறைவாக இருந்திருக்கும், அல்லது மணியை இரண்டு மூன்று அடுக்காக நெருக்கிப் போட்டிருப்பீர்கள், அல்லது அவசரப்பட்டு இறக்கியிருப்பீர்கள். மணிகள் பாத்திரத்தின் அடியில் ஒரே அடுக்காகப் பரவ வேண்டும். ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்தால் மேலே இருப்பதற்கு எண்ணெய் படாது.

பழுப்பேறி, தோல் சுருங்கி, கையில் எடுத்தால் லேசாக இருந்தால் உள்ளே ஈரம் இல்லை. ஒன்று, மணி பழசாகிக் காய்ந்திருக்கிறது. இல்லையென்றால் நீங்கள் மிக மெதுவாகச் சூடேற்றியிருக்கிறீர்கள். மணி கதிரோடு ஒட்டியிருந்த கூர்முனையைப் பாருங்கள். தோலில் பலவீனமான இடம் அதுதான். சூடு மந்தமாக ஏறினால் ஆவி அந்த வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து போய்விடும். 180-ஐத் தொடும்போது வெடிக்க உள்ளே சரக்கு இருக்காது. தோலில் கீறலோ விரிசலோ இருக்கும் மணிக்கும் இதே கதிதான். அடியில் உடைந்த மணியும் தூளும் கிடக்கும் பாக்கெட் என்றால் இது கூடுதலாக இருக்கும்.

மூன்றாவது வகை, வாயை லேசாகத் திறந்து ஒரு வெள்ளைக் கீற்று மட்டும் தெரியும் மணி. அதற்கான காரணம் பெரும்பாலும் தீ அதிகம் என்பது. கீழே 'சின்னதாகப் பொரிகிறது' என்ற இடத்தில் அதைப் பார்ப்போம்.

மணியில் கோளாறா, உங்கள் கையில் கோளாறா என்று தெரியவில்லை என்றால் புதுப் பாக்கெட்டிலிருந்து ஒரு பிடி எடுத்து அதே பாத்திரம், அதே தீ, அதே எண்ணெயில் பொரித்துப் பாருங்கள். அது நன்றாகப் பொரிந்தால் பழைய மணிதான் குற்றவாளி. ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றினால் எது சரிசெய்தது என்று கடைசிவரை தெரியாது.

காய்ந்த மணியைத் தூக்கிப் போட வேண்டாம், ஈரத்தைத் திருப்பி ஏற்றலாம். காற்றுப் புகாத பாட்டிலில் மூன்று கப் மணிக்கு, அதாவது ஏறக்குறைய 600 கிராமுக்கு, ஒரு டேபிள்ஸ்பூன் தண்ணீர் விடுங்கள். மூடி, சில நிமிடத்துக்கு ஒருமுறை நன்றாகக் குலுக்குங்கள். பாட்டில் ஓரத்தில் தண்ணீர் தெரியாமல் போகும்வரை இதைச் செய்ய வேண்டும். அப்புறம் குளிர்ந்த, வெயில் படாத இடத்தில் இரண்டு மூன்று நாள் வைத்துவிட்டுப் பொரித்துப் பாருங்கள். கணக்குப் போட்டால் இது ஈரத்தை இரண்டரை சதவீதம்தான் ஏற்றுகிறது, ஆனால் பொரிவதற்கும் பொரியாததற்கும் நடுவே உள்ள தூரமே அவ்வளவுதான். இன்னும் போதவில்லை என்றால் ஒரு டீஸ்பூன் சேர்த்து மறுபடி காத்திருங்கள். மணியை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவைக்கும் யோசனை வேண்டாம். தோல் ஊறி, ஈரம் அளவுக்கு மீறி ஏறி, பொரிந்தாலும் கட்டியாக வரும்.

இனிமேல் காயாமல் இருக்க, பாக்கெட்டைப் பிரித்ததும் இறுக்கமான மூடி உள்ள பாட்டிலுக்கு மாற்றிவிடுங்கள். கிளிப் போட்டு மடித்து வைப்பது போதாது. பிரித்த பாக்கெட்டைப் ஃபிரிட்ஜில் வைப்பதும் நல்லதில்லை; அங்கே காற்று வறண்டது.

ஒன்றுகூடப் பொரியவில்லை

எண்ணெயில் போட்டது பாப்கார்ன் ரகம்தானா என்று பாருங்கள். காயவைத்த ஸ்வீட் கார்ன், தீவனத்துக்கும் மாவுக்கும் போகும் மக்காச்சோளம், இவையெல்லாம் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் பொரியாது. பாப்கார்ன் மணி சிறியது, உருண்டையானது, தோல் தடித்தது, உள்ளே மாவுச்சத்து கெட்டியாக இறுகியிருக்கும். மற்ற ரகங்களில் தோல் அந்த அழுத்தம் வரும்வரை தாங்காது. எண்ணெயில் போட்டால் வெடிப்பதற்குப் பதிலாக வறுபட்டுக் கடிக்க முடியாத கெட்டியாகிவிடும். இதற்கு வைத்தியம் இல்லை, சரியான ரகம் வாங்குவதுதான்.

பொரிகிறது, ஆனால் சின்னதாக, நடுவே கெட்டியாக

நன்றாகப் பொரிந்தால் மணி கன அளவில் 40 மடங்கு வரை பெருகும். கால் கப் போட்டால் ஏழெட்டுக் கப்பாவது வர வேண்டும். நாலைந்து கப்தான் வருகிறது, ஒவ்வொன்றின் நடுவிலும் பல்லில் தட்டுப்படும் ஒரு கெட்டி முடிச்சு இருக்கிறது என்றால் தீ அதிகம். வெளிப்பக்கம் சட்டென்று சூடாகித் தோல் கிழிந்துவிடுகிறது. நடுவில் இருக்கும் மாவு இளகுவதற்கு நேரமே கிடைக்கவில்லை. எண்ணெயிலிருந்து புகை கிளம்பும் அளவுக்குக் காயவிட்டு மணியைப் போட்டால் இதுதான் நடக்கும். மேலே சொன்ன மூன்று மணிச் சோதனையும் அரை நிமிடக் காத்திருப்பும் இந்தக் கோளாறைப் பெரும்பாலும் தீர்த்துவிடும்.

தீ சரியாக இருந்தும் இப்படியே வருகிறது, கூடவே மென்றால் சவசவ என்றிருக்கிறது என்றால் மணியில் ஈரம் அதிகம். ஈரம் ஏற்றுகிறேன் என்று தண்ணீரை ஒரு கை கூடுதலாக விட்டவர்களுக்கு இது வரும். தட்டில் பரப்பி ஒரு நாள் காற்றாட விட்டு, ஒரு பிடி பொரித்துப் பாருங்கள். தேவைப்பட்டால் இன்னொரு நாள்.

சில பொரி பூப்போல விரியாமல் உருண்டையாக இருப்பது குறையில்லை. அது ரகத்தைப் பொறுத்தது. சர்க்கரைப் பாகு பூசுவதற்கு அந்த உருண்டை ரகம்தான் வசதி, உடையாது.

மொறுமொறுப்பு இல்லை, ரப்பராக இழுக்கிறது

அதிகம் பேருக்கு வரும் குறை இதுதான், ஆனால் பலர் மணியைக் குறை சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். மணி பாவம். அதன் வேலையை அது செய்துவிட்டது. ஆவியைப் பாத்திரத்துக்குள் பூட்டி வைத்தது நாம்.

ஒரு சின்னக் கணக்கு. 50 கிராம் மணியில் 14 சதவீதம் என்றால் 7 கிராம் தண்ணீர், ஒரு டீஸ்பூனுக்கும் மேலே. அது முழுக்க ஆவியானால் 11 லிட்டருக்கும் மேல் இடத்தை அடைக்கும். கொஞ்சம் பொரியிலேயே தங்கிவிடும் என்று கழித்தாலும், 3 லிட்டர் பாத்திரத்துக்குள் அவ்வளவு ஆவிக்கு ஏது இடம்? மூடி இறுக்கமாக இருந்தால் அது மூடியின் உட்புறத்தில் முத்து முத்தாகக் கோத்து, கீழே சூடாகக் கிடக்கும் பொரியின் மேல் சொட்டும். பொரியோ ஈரம் பட்டால் உறிஞ்சத் தயாராக இருக்கிற பொருள்.

அதனால் மூடியை ஒரு நூல் அளவு விலக்கி வையுங்கள். இடைவெளி உங்கள் முகத்துக்கு எதிர்ப்பக்கமாக இருக்கட்டும். சூடான எண்ணெய்த் துளியும் அந்த வழியாகத்தான் வரும். எனக்கு இதைவிடப் பிடித்தது, எண்ணெய் தெறிக்காமல் இருக்க வாணலி மேல் வைக்கும் கம்பி வலை மூடி. ஆவி முழுக்கப் போய்விடும், பொரி ஒன்றும் தாண்டாது. கண்ணாடி மூடியில் இருக்கும் அந்தச் சின்ன ஓட்டையை மட்டும் நம்பாதீர்கள், போதாது. மூடிக்கு அடியில் துணி கட்டினால் ஈரத்தை உறிஞ்சும் என்று சிலர் செய்வதுண்டு. கேஸ் அடுப்பில் துணி நுனி தீயில் தொங்கினால் கதை வேறு மாதிரி ஆகிவிடும், வேண்டாம்.

முடிந்ததும் மூடியைச் சாய்க்காமல் அப்படியே மட்டமாகத் தூக்கிப் பக்கவாட்டில் எடுங்கள். சாய்த்தால் அதில் தேங்கிய நீர் ஓரமாக ஓடிப் பொரியில் விழும். பொரியை ஆழமான குறுகிய பாத்திரத்தில் குவிக்காமல் அகலமானதில் பரப்பிக் கொட்டுங்கள். கொட்டிய பிறகும் ஓரிரு நிமிடம் அதிலிருந்து ஆவி வந்துகொண்டேதான் இருக்கும். மேலே தட்டுப் போட்டு மூடினால் அதுவரை பட்ட பாடெல்லாம் வீண்.

ஏற்கெனவே நமுத்துவிட்டதா? ஓவன் இருந்தால் 120 டிகிரியில் தட்டில் பரப்பி ஐந்து நிமிடம். இல்லையென்றால் அகலமான வெறும் வாணலியில் சிறு தீயில் இரண்டு நிமிடம் புரட்டிக்கொண்டே இருங்கள். ஆறிய பிறகு கடித்துப் பாருங்கள். சூட்டோடு கடித்தால் மெத்தென்றுதான் இருக்கும், அதை வைத்து முடிவு செய்யக் கூடாது.

அடி கருகுகிறது, எல்லாவற்றிலும் காந்தல் வாடை

மெல்லிய பாத்திரம்தான் முதல் சந்தேகம். அடி மெலிந்திருந்தால் தீ படும் இடத்தில் மட்டும் சூடு கொதிக்கும், ஓரத்தில் ஒன்றும் இருக்காது. கருகலும் பொரியாத மணியும் ஒரே பாத்திரத்தில் ஒன்றாகத் தென்பட்டால் காரணம் இதுதான். கனமான பாத்திரத்துக்கு மாறுங்கள். அது இல்லையென்றால் தீயைக் குறைத்து அடிக்கடி குலுக்குங்கள். குலுக்கும்போது பொரிந்தது மேலே வரும், பொரியாதது கீழே இறங்கும். சும்மா ஒரு பக்கமாக ஆட்டுவதைவிட வட்டமாகச் சுழற்றுவது நல்லது.

கனமான பாத்திரத்துக்கு இன்னொரு குணம் உண்டு. அடுப்பை அணைத்த பிறகும் அது சூட்டை விடாது. தீயை அணைத்துவிட்டோமே என்று பொரியை உள்ளேயே விட்டால் அடியில் இருப்பது அணைத்த பிறகுதான் கருகும். கடைசி மணி வரை பொரியட்டும் என்று காத்திருப்பதும் இதே தப்புதான். மிஞ்சுகிற பத்து மணியைக் காப்பாற்றப் போய் முழுப் பாத்திரத்தையும் கெடுப்பானேன்? காதை மட்டும் நம்புங்கள். அந்தப் 'பட்' சத்தம் தோல் கிழிவதால் வருவதல்ல, உள்ளே அடைபட்ட ஆவி சட்டென்று விடுபடுவதால் வருவது என்பதையும் அந்த 2015 ஆய்வே கண்டது. சத்தத்துக்கு நடுவே இடைவெளி விழுகிறது என்றால் ஈரம் உள்ள மணி தீர்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

கருகிவிட்டால் அடியைச் சுரண்டாதீர்கள். மேலே இருப்பதை மட்டும் சரித்துக் கொட்டி, கருகிய அடுக்கைப் பாத்திரத்தோடு விட்டுவிடுங்கள். காந்தல் வாடை சீக்கிரம் பரவும், தாமதிக்க வேண்டாம். மறுபடி பொரிப்பதற்கு முன் பாத்திரத்தைக் கழுவித் துடையுங்கள்; அடியில் ஒட்டிய கரித்துகள் அடுத்த ஈட்டையும் கசக்க வைக்கும்.

மணி பொரிவதற்கு முன்பே எண்ணெய் புகைகிறது

எண்ணெய் 180 டிகிரியைத் தாண்டியும் புகையாமல் நிற்க வேண்டும். சுத்திகரித்த சூரியகாந்தி எண்ணெயும் கடலை எண்ணெயும் 220-ஐத் தாண்டியும் நிற்கும். நெய் அதற்கும் மேலே, 250 வரை. சுத்திகரிக்காத தேங்காய் எண்ணெய் 175-ஐ ஒட்டியே புகையத் தொடங்கும், அதில் கவனம் வேண்டும். வெண்ணெய் சரிவராது. அதிலுள்ள பால் திடப்பொருள் 150 டிகிரியிலேயே கருக ஆரம்பித்துவிடும். வெண்ணெய் வாசனை வேண்டுமென்றால் நெய்யில் பொரியுங்கள்.

நான்ஸ்டிக் பாத்திரத்தை எண்ணெய் இல்லாமல் அதிக தீயில் காயவிடாதீர்கள். அந்தப் பூச்சு 260 டிகிரிக்கு மேல் சிதையத் தொடங்கி நச்சுப் புகை விடும். வெறும் பாத்திரம் அந்தச் சூட்டை நாம் நினைப்பதைவிடச் சீக்கிரம் எட்டிவிடும்.

எண்ணெய் தீப்பிடித்தே விட்டால் அடுப்பை அணையுங்கள், மூடியைப் போட்டு மூடுங்கள், பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். தண்ணீர் ஊற்றவே கூடாது.

கையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு

அளவு கூடிவிட்டது, அவ்வளவுதான். மணியில் மூன்றில் ஒரு பங்கு எண்ணெய் போதும்; கால் கப்புக்கு ஒன்றரை டேபிள்ஸ்பூனைத் தாண்ட வேண்டாம். ரொம்பக் குறைத்தாலும் தொல்லை, சூடு எல்லா மணிக்கும் பரவாது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும் என்பதால் குளிர்ந்த அறையில் பிசுபிசுப்பு குறைவாகத் தெரியும்.

வெண்ணெய் ஊற்றியதும் பொரி சுருங்கிப் போகிறது

மறுபடி தண்ணீர்தான். வெண்ணெயில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு தண்ணீர். 30 கிராம் வெண்ணெயை உருக்கி ஊற்றினால் 5 கிராம் தண்ணீரையும் சேர்த்து ஊற்றுகிறீர்கள். அது பட்ட இடத்தில் பொரி 'சொய்ங்' என்று சத்தம் போட்டுச் சுருங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வெண்ணெயைச் சிறு தீயில் சலசலப்பு அடங்கும்வரை உருக்குங்கள். சத்தம் நின்றால் தண்ணீர் போய்விட்டது. தெளிந்த மேல் கொழுப்பை மட்டும் மெல்லிய தாரையாக விட்டுப் புரட்டுங்கள். வீட்டில் நெய் இருந்தால் இந்த வேலையே வேண்டாம்.

உப்பு ஒட்டவில்லை

உப்பின் பருமன்தான் காரணம். பரல் பரலாக இருந்தால் வழுக்கிக்கொண்டு அடிக்குப் போய்விடும். மிக்ஸியில் மாவாகும்வரை பொடியுங்கள். நிறுத்தியதும் மூடியைத் திறக்காமல் கொஞ்சம் பொறுங்கள், இல்லையென்றால் உப்புத் தூசி மூக்கில் ஏறும். பொரி சூடாக, மேலே லேசாக எண்ணெய்ப் பசையோடு இருக்கும்போதே தூவிக் குலுக்க வேண்டும். ஆறிப்போன பொரி என்றால் முதலில் ஒரு டீஸ்பூன் உருக்கிய நெய்யைப் புரட்டிவிட்டு அப்புறம் உப்பு. எண்ணெயிலேயே உப்பைப் போட்டுப் பொரிக்கலாம்தான், ஆனால் எவ்வளவு ஒட்டியது என்று தெரியாததால் நான் அதைச் செய்வதில்லை. மிளகாய்த்தூளும் மிளகுத்தூளும் பொரித்த பிறகுதான். எண்ணெயில் போட்டால் தூள் கருகி, கண் எரிந்து, வீடே இருமும்.

மூடியைத் தள்ளிக்கொண்டு வழிகிறது

மணி அதிகம். 3 லிட்டர் பாத்திரத்துக்குக் கால் கப். கூடுதல் வேண்டுமென்றால் இரண்டு ஈடாகப் போடுங்கள். நெருக்கமாக இருந்தால் ஆவியும் போகாது.

குக்கரில் செய்தால் சரியாக வரவில்லை

குக்கர் அடி கனமானது, நல்ல பாத்திரம். ஆனால் காஸ்கெட், வெயிட் இரண்டையும் கழற்றிவிட்டு, மூடியைப் பூட்டாமல் மேலே சும்மா சார்த்தி வைக்க வேண்டும். பூட்டினால் ஆவி அடைபட்டு நமுத்துப்போகும், வெளி அழுத்தம் கூடுவதால் பூவும் சிறுத்துவிடும். அதைவிட முக்கியம், ஆவி போகும் குழாயில் ஒரு பொரி போய் அடைத்துக்கொள்ளலாம். அடைபட்ட குக்கர் ஆபத்து. சரியாக வராததற்கு வழி தேடுவதற்கு முன்னால் இதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

இண்டக்ஷன் அடுப்பு, குலுக்கும்போதெல்லாம் நின்றுவிடுகிறது

பாத்திரத்தைத் தூக்கினால் அது நிற்கத்தான் செய்யும். தூக்காமல், அடுப்பின் வட்டத்துக்குள்ளேயே முன்னும் பின்னும் மெதுவாக நகர்த்துங்கள். கண்ணாடியில் கீறல் விழுமே என்று தோன்றினால் முதல் மணி பொரியும்வரை கரண்டியால் கிளறிவிட்டு, அப்புறம் மூடிக்கொள்ளலாம். அதிகபட்ச வாட்டில் வைக்காதீர்கள். மெல்லிய ஸ்டீல் பாத்திரத்தின் நடுப்பகுதியை அது நொடிகளில் கொதிக்க வைத்துவிடும். நடுத்தர அளவில் தொடங்குங்கள்.

எண்ணெய் இல்லாமல் முயன்றால் பாதிதான் பொரிகிறது

எண்ணெயின் வேலை ருசி மட்டுமல்ல, பாத்திரத்தின் சூட்டை மணியைச் சுற்றிலும் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் அதுதான். வெறும் பாத்திரத்தில் மணி தொடும் ஒரு புள்ளியில் மட்டும் சூடு ஏறும். விடாமல் குலுக்கினால் ஓரளவு வரும். ஓவனில் காற்றின் சூடு மெதுவாகத்தான் ஏறும் என்பதால் மணி காய்ந்து நிறைய மிஞ்சும். ஏர் ஃப்ரையரை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். லேசான பொரி காற்றில் பறந்து மேலே இருக்கும் சூட்டுக் கம்பியில் போய் ஒட்டிக்கொள்ளக்கூடும். எண்ணெயே வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களுக்குச் சூடான காற்றில் பொரிக்கும் தனி பாப்கார்ன் கருவிதான் ஒழுங்கான வழி.

சர்க்கரை போட்டால் கருகுகிறது, பாகு போட்டால் பல்லில் ஒட்டுகிறது

சர்க்கரை 160, 170 டிகிரியிலேயே நிறம் மாறத் தொடங்கிவிடும். மணி பொரிய 180 வேண்டும். ஆக இரண்டையும் ஒன்றாகப் போட்டால் சர்க்கரைதான் முந்திக் கருகும். முதல் இரண்டு மூன்று மணி வெடித்த பிறகு சர்க்கரையைத் தூவி, அதன் பிறகு கையை நிறுத்தாமல் குலுக்குங்கள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் முன்னதாகவே இறக்கிவிடுங்கள். கால் கப் மணிக்கு ஒன்றரை டேபிள்ஸ்பூன் சர்க்கரை போதும்.

தனியாகப் பாகு காய்ச்சிப் பூசும்போது ஒட்டுகிறது என்றால் பாகில் இன்னும் தண்ணீர் இருக்கிறது. 150 டிகிரியை ஒட்டி வரும்வரை காய்ச்ச வேண்டும். வெப்பமானி இல்லையென்றால் குளிர்ந்த தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். வளைந்தால் போதாது, டக்கென்று உடைய வேண்டும். இறக்கியதும் ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டால் பாகு நுரைத்து, இறுகிய பிறகு கடிக்க எளிதாக இருக்கும். பாகு பூசிய பொரியைக் கையால் தொட்டுப் பிரிக்க அவசரப்படாதீர்கள், தோலோடு ஒட்டிச் சுடும்.

பல்லிடுக்கில் தோல் சிக்குகிறது

தோலே இல்லாத பாப்கார்ன் கிடையாது. தோல் இல்லாமல் அழுத்தம் சேராது. தோல் மெலிந்த, பொரியும்போது சிறு துண்டாகச் சிதறும் ரகங்கள் உண்டு, பொதுவாகச் சின்ன வெள்ளை மணி. அவற்றை வாங்கிப் பாருங்கள். பரிமாறும் முன் அகலமான கண் உள்ள சல்லடையில் ஒரு தடவை ஆட்டினால் உதிர்ந்த தோலும் பொரியாத மணியும் கீழே விழுந்துவிடும். மணியைத் தெரியாமல் கடித்துப் பல் உடைத்துக்கொள்வதும் தப்பும். நான்கு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு எந்த வகையும் வேண்டாம், மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும்.

மறுநாள் சப்பென்று ஆகிவிட்டது

முழுக்க ஆறிய பிறகுதான் டப்பாவில் போட வேண்டும். வெதுவெதுப்பாகப் போட்டால் அதன் ஆவியே அதைக் கெடுத்துவிடும். உப்பு மட்டும் போட்டது இறுக்கமான டப்பாவில் இரண்டு மூன்று நாள் தாங்கும், நமுத்தாலும் மேலே சொன்னபடி சூடுகாட்டி மீட்டுவிடலாம். வெண்ணெய் ஊற்றியதை மீட்பது சிரமம், அன்றைக்கே தின்றுவிடுங்கள். நாளைக்கும் வேண்டும் என்று தெரிந்தால் அந்தப் பங்கை வெண்ணெய் விடுவதற்கு முன்பே தனியாக எடுத்து வையுங்கள்.